மரம் மட்டும்

இரும்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு
மரத்தை மட்டும் தந்தார்
ஆயுத அறைப் பொறுப்பாளர் ஃபைரூஸ்.
பதிவேட்டில் ஒரு வரி:
கைப்பிடி ஒன்று, வலது கை, வெளியே.
கையெழுத்துப் போட்டேன்.

இதே மேசையில்தான் மூன்று வாரம் முன்பு
மிஸ் குவா பெயர் மாற்றிக் கொடுத்தாள்.
"அப்பாவோடது."
வெளியே டாக்சி மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது,
அதற்கு மேல் அவள் பேசவில்லை.

ரொட்டிக்கடைப் பையில் சுற்றி
யூ டீ வரை மடியில் வைத்து வந்தேன்.
எதிரில் இருந்த பையன்
கறிபஃப் என்று நினைத்திருப்பான்.

சலவை இயந்திரத்தின் மூடிதான் என் பட்டறை.
அசிட்டோன் பஞ்சு முதல் துடைப்பில்
தேநீர் நிறத்துக்குப் போனது,
ஏழாவதில் வெள்ளையாகவே திரும்பியது.
வருடக்கணக்கான வியர்வை.
உள்ளங்கை மேட்டில் மட்டும்
கறுப்பு ஏறவே இல்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பள்ளங்களுக்கு ஈரத்துணி,
அதன்மேல் இஸ்திரிப்பெட்டியின் முனை.
உஸ்.
நசுங்கிய நார்கள் தண்ணீர் குடித்து நிமிர்ந்தன.
வாங்கிய அடி எழுந்து வருவதை
இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு நூற்றிருபது உப்புத்தாள்.
மேட்டின் ஓரத்தைத் தேய்க்கத் தேய்க்க
மரத்துக்கு முன்னால் புட்டி வந்தது.
சாம்பல். அதன் கீழ் காவி.
அதன் கீழ் வெல்ல நிறம்,
மறுபடி சாம்பல், நகக்கனத்துக்கு,
அடியில் பழுப்பு, அப்புறம்தான் வால்நட்.

பல் கூடத்தில் வேலை எனக்கு, பத்தொன்பது வருடம்.
ஈறு வற்றும். தாடை தேயும்.
பல்செட் செய்தபடியே இருக்கும்,
வாய்தான் அதைவிட்டு விலகும்.
இடைவெளியை ஊற்றி அடைத்து அனுப்புவோம்,
மறுவருடம் மறுபடி வரும்.
ஊற்றிய கனத்தைப் பார்த்தே
ஆள் எவ்வளவு இளைத்தார் என்று சொல்லிவிடுவேன்.

ஐந்து முறை இளைத்திருக்கிறது அந்தக் கை.
ஐந்து முறையும் மரத்தை அதனிடம் கொண்டுவந்திருக்கிறார்.
கடைசி அடுக்கை அவர் தேய்க்கவில்லை.
ஈரத்தில் அழுத்திய விரல்தடம்
ரேகையோடு காய்ந்திருந்தது.
காயட்டும் என்று வைத்துவிட்டுப் போனவர்
திரும்ப எடுக்கவில்லை.

பக்கத்து ஜன்னலில் ரொஸ்னா
துணிக்கழியை இழுத்தபடி எட்டிப் பார்த்தார்.
"செருப்பு அச்சா?"
"கைப்பிடி."
"எதுக்கு?"
துப்பாக்கி என்றால்
மழை வருவதற்குள் பதினாறு மாடிக்கும் தெரிந்துவிடும்.
"ஆடாம நிக்கிறதுக்கு" என்றேன்.
"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு"
என்று போர்வையை உதறினார்.

அல்ஜினேட்டில் அந்தத் தடத்தை
அச்செடுக்கலாம் என்று தோன்றியது.
கூடத்தில் பத்து நிமிட வேலை.
மிஸ் குவாவின் எண்கூட இருக்கிறது,
'கைப்பிடி' என்ற பெயரில் போட்டு வைத்திருக்கிறேன்.
பெயரைத் தொட்டேன். திரை அணையும்வரை பார்த்துவிட்டு
உப்புத்தாளை மடித்துப் பிடித்தேன்.

பத்து மீட்டர் தூரத்தில்
பத்தின் வட்டம் சட்டைப் பித்தான் அளவுதான்.
பிறர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது.

முதல் சாம்பல் போனது. காவி போனது.
வெல்ல நிறத்தில்
என் உள்ளங்கை சத்தமில்லாமல் உட்கார்ந்தது.
ஏதோ ஒரு வருடம்
அவர் கையும் என் கையும்
ஒரே அளவாக இருந்திருக்கின்றன.
அங்கேயே நிறுத்தினேன்.

நானூறு. அறுநூறு. ஆளிவிதை எண்ணெய்.
இந்த ஊர் ஈரத்தில் ஒரு பூச்சு காய
நான்கு நாள் கேட்கிறது.
எண்ணெய்த் துணியைக் கசக்கி எறியக்கூடாது,
தானே பற்றிக்கொள்ளும்.
ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டேன்.
பெலாச்சான் வறுபடும் வாசனையும் அதில் ஏறிக்கொண்டது.

பதிவேட்டில் இன்னொரு வரி:
கைப்பிடி ஒன்று, உள்ளே.
எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார் ஃபைரூஸ்.
"கொறஞ்சிருக்கா?"
"ரெண்டு அடுக்கு."
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.